வெயில் காலச் சமையலில் தொட்டிப் புதினா

புதினா இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் பளபளவென்று தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணெய்ப் பை. நமக்குப் பழகிய புதினா மணம் பெரும்பாலும் அந்தப் பைகளில்தான் இருக்கிறது. இலையின் சதையில் இருப்பது பச்சையம், நீர், கொஞ்சம் துவர்ப்பு. இது மனதில் பதிந்த பிறகு, இந்தக் கோடையில் புதினா போட்டுச் செய்த ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் முடிவு செய்தேன். பையை எப்போது உடைப்பது? உடைந்து வரும் எண்ணெயை எதில் பிடித்து வைப்பது?

முதலில் செடி. புதினாவைத் தரையில் வைத்தால் ஓடுதண்டுகளை விட்டுப் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அகலமான தொட்டிதான் சரி. கோடையில் அதற்குக் காலை வெயில் போதும். உச்சி வெயில் நேராக விழுந்தால் ஓரம் கருகி, இலை சிறுத்துத் தடித்துப் போகிறது. மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமாகப் பார்த்துத் தொட்டியை நகர்த்தினேன். அதன் பிறகு வந்த தளிர்கள் அகலமாகவும் மெல்லியதாகவும் இருந்தன. பச்சையாகச் சாப்பிடுவதற்கு அந்த மெல்லிய இலைதான் வேண்டும். மேல்மண் காய்ந்தால் தண்ணீர் விட வேண்டும், ஆனால் தொட்டியின் அடியில் தேங்கவிடக் கூடாது.

பறிப்பதற்குக் காலை நேரம்தான் நல்லது. இரவு ஈரம் உலர்ந்திருக்க வேண்டும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. இலை இலையாகக் கிள்ளாமல், தண்டையே ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுகிறேன். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும், இரண்டின் இடுக்கிலும் ஒவ்வொரு மொட்டு இருக்கும். நுனி போனதும் அந்த இரண்டு மொட்டும் கிளையாக எழும். அதனால் வெட்ட வெட்டச் செடி அடர்த்தியாகிறது. கிள்ளாமல் விட்ட செடிதான் குச்சி குச்சியாக உயர்ந்து அடியில் மொட்டையாக நிற்கும். நுனியில் பூமொட்டுக் கொத்து தலைகாட்டியதும் பெரிய அறுவடையை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் இலையில் எண்ணெய் நிறைவாக இருக்கும். பூத்து முடிய விட்டால் இலை சிறுத்துக் கசப்பு தட்டும்.

கொண்டு வந்த கொத்தை அகலமான பாத்திரத்து நீரில் அமிழ்த்தி மெதுவாக அலசி, இலைகளை மட்டும் மேலாக எடுக்க வேண்டும். நீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் மறுபடியும் இலையில் ஏறிவிடும். அப்புறம் துணியில் பரப்பி முழுக்க உலரவிட வேண்டும். ஈர இலை கத்தியின் கீழ் நழுவும், நசுங்கும், வெட்டிய கொஞ்ச நேரத்திலேயே ஓரம் கறுக்கும். நேரம் இல்லையென்றால் துணியில் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்க வேண்டாம்.

கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழெட்டு இலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சுருட்டி, கூரான கத்தியால் ஒரே இழுப்பில் மெல்லிய நாடாக்களாக நறுக்குகிறேன். குவித்து வைத்துக் கொத்துக் கொத்தென்று கொத்துவது வேறு வேலை. அப்படிக் கொத்தும்போது வெட்டும் பலகையைப் பாருங்கள், பச்சைக் கறை பிடித்திருக்கும். இலையின் சாறும் எண்ணெயும் தட்டுக்கு வராமல் பலகையிலேயே தங்கிவிட்டன. நாடாவாக நறுக்கிய பிறகு பலகை ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும், பைகள் பல உடையாமல் இருக்கும். மீதியை வாய் உடைத்துக்கொள்ளும்.

வெள்ளரியும் தயிரும்

கோடையில் நான் அதிகம் செய்தது இதுதான். வெள்ளரிக்காய் 300 கிராம் எடுத்து விதைப் பகுதியை வழித்துவிட்டுத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி 15 நிமிடம் வடிகட்டியில் வைக்கிறேன். பிறகு கையால் நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் போட்டால் அரைமணி நேரத்தில் எல்லாம் நீர்த்துவிடும். புளிக்காத கெட்டித் தயிர் 250 கிராமைத் துணியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு வடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டையும் கலந்து, நறுக்கிய புதினா 15 முதல் 20 இலை, சிட்டிகை மிளகுப் பொடி, விருப்பம் இருந்தால் ஒரு பல் பூண்டு நசுக்கிச் சேர்த்து, மூடி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கிறேன்.

அந்த அரைமணி நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். புதினா எண்ணெய் நீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். தயிரில் இருக்கும் கொழுப்பு அதை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. கலந்தவுடன் எடுத்துச் சாப்பிட்டால் தயிர் தனியாகவும் இலை தனியாகவும் தெரியும். அரைமணி கழித்து, இலை சிக்காத ஒரு கரண்டித் தயிரிலும் புதினா வாசம் வரும். முழுக் கொழுப்புத் தயிரிலும் கொழுப்பு நீக்கிய தயிரிலும் ஒரே அளவு இலை போட்டு அருகருகே வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. முழுக் கொழுப்பில் மணம் உருண்டையாக, நின்று வருகிறது. மற்றதில் முதல் வாயில் சுள்ளென்று தெரிந்து மறைந்துவிடுகிறது. கொழுப்பு நீக்கியதுதான் வேண்டும் என்றால் நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ ஒரு தேக்கரண்டி மேலே விட்டுக் கலக்கலாம், கை கொடுக்கும். மறுநாளைக்கு வைப்பதாக இருந்தால் இலையை அன்றைக்கே போடாமல், சாப்பிடும் முன் போடுவது மேல். இரவு முழுக்கக் கிடந்த இலை ஓரம் கறுத்துத் தயிரில் பழுப்புக் கோடு விடும்.

எலுமிச்சைச் சாறு

கொழுப்பே இல்லாத பானத்தில் மணத்தை எப்படி நிறுத்துவது என்பதுதான் எனக்குச் சவாலாக இருந்தது. மூன்று விதமாகச் செய்து ஒப்பிட்டேன்.

குவளையில் இலையை மிதக்கவிடுவது முதல் வகை. பார்க்க அழகு, மூக்குக்குக் கொஞ்சம் மணம், நாக்குக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பைகள் உடையவே இல்லையே! போடும் முன் இலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்சம் தேறும்.

சர்க்கரைப் பாகில் இலையைப் போட்டுக் கொதிக்கவிடுவது இரண்டாவது. அடுப்படி முழுக்க அருமையான வாசம் வரும். வாசம் வெளியே வந்துவிட்டது என்பதுதான் அங்கே பிரச்சினை. பாகில் மிஞ்சுவது வெந்த கீரை வாடையும் துவர்ப்பும்தான். பாகு வேண்டும் என்றால் சர்க்கரையும் நீரும் சம அளவு கொதித்து அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட்டு, இறுக்க மூடி, முழுக்க ஆறியதும் வடிகட்டுங்கள். மூடியில் முத்து முத்தாகத் திரளும் நீரையும் பாகிலேயே தட்டிவிடுங்கள், அதிலும் மணம் இருக்கிறது.

மூன்றாவது, சர்க்கரையோடு தேய்ப்பது. இப்போது நான் வேறு எப்படியும் செய்வதில்லை. இரண்டு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரை, 12 இலை. கிண்ணத்தில் போட்டு விரல் நுனியால் இலையைச் சர்க்கரையோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும். படிக முனைகள் எண்ணெய்ப் பைகளைச் சுரண்டி உடைக்கின்றன, வரும் எண்ணெயைச் சர்க்கரையே பிடித்துக்கொள்கிறது. ஒரு நிமிடத்துக்குள் சர்க்கரை ஈர மணல் பதத்துக்கு வந்து வெளிர்பச்சையாகும். அங்கே நிறுத்திவிடுங்கள். இலை கூழாகும் வரை தேய்த்தால் சதையின் கசப்பும் சேர்ந்து இறங்கும். பிறகு ஒரு எலுமிச்சம்பழச் சாறு, சிட்டிகை உப்பு, குளிர்ந்த நீர். கலக்கி வடிகட்டினால் தெளிந்த பானம். சோடா விடுவதாக இருந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கரைத்து வடித்துவிட்டு, கடைசியில் சோடாவை விளிம்போரமாக ஊற்றுங்கள்.

சர்க்கரையே வேண்டாம் என்பவர்கள் ஒரு கொத்துப் புதினாவைக் கையால் கசக்கி ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். மென்மையான மணம்தான், ஆனால் துளிக்கூடத் துவர்ப்பு இருக்காது. துவர்ப்பைத் தரும் பொருள்களைச் சூடு இழுக்கும் அளவுக்குக் குளிர்ந்த நீர் இழுப்பதில்லை.

புதினா உடம்பைக் குளிர்விக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். வாயின் வெப்பநிலை குறைவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு ஏற்பி இருக்கிறது. புதினாவில் இருக்கும் மெந்தால் என்ற மணப்பொருள் அதைத் தூண்டிவிட, மூளை அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் தனித்தனியாக இந்த மெந்தாலை வைத்துத்தான் அந்த ஏற்பியை அடையாளம் கண்டார்கள். மெந்தால் நிறைந்தது பெப்பர்மின்ட் வகை. ஸ்பியர்மின்ட் வகையின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற வேறொரு மணப்பொருள், அதில் மெந்தால் மிகக் குறைவு. அதனால் தொட்டியில் இருப்பது எந்த வகை என்று ஓர் இலையை மென்று பார்த்துவிடுவது நல்லது. நாக்கில் சில்லென்று ஏறினால் பானத்துக்கும் பழத்துக்கும் அது பொருத்தம், உப்புக் கார உணவில் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இனிப்பு வாசத்தோடு மென்மையாக இருந்தால் எதிலும் தாராளமாகப் போடலாம். என் தொட்டியில் இருப்பது இந்த இரண்டாவது ரகம்.

சட்னியும் அதன் பச்சையும்

அரைத்த புதினா ஏன் கறுக்கிறது? இதற்காக நிறைய மெனக்கெட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கறுப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இலையின் செல்கள் உடைந்ததும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இலையிலுள்ள ஃபீனால் பொருள்களைப் பழுப்பாக்குகிறது. நறுக்கிய ஆப்பிள் பழுப்பதும் இப்படித்தான். இரண்டாவது, பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைப் புளிப்பு வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு இறங்கும். இரண்டையும் சூடு வேகப்படுத்தும், மிக்ஸியின் பிளேடு சுற்றச் சுற்றச் சூடேறும் என்பது தெரிந்ததுதானே. எலுமிச்சையை ஏன் சிலர் முதலில் விடச் சொல்கிறார்கள், சிலர் கடைசியில் விடச் சொல்கிறார்கள் என்பது இங்கே விளங்குகிறது. புளிப்பு நொதியை அடக்குகிறது, ஆனால் பச்சையத்தைக் கெடுக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

உடனே சாப்பிடுவதற்கு நான் செய்வது இது. புதினா இலை இரண்டு கோப்பை, கொத்தமல்லி ஒரு கோப்பை, பச்சை மிளகாய் இரண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, உப்பு. முதலில் இலை இல்லாமல் மற்றதையெல்லாம் நைசாக அரைத்துவிடுகிறேன். பிறகு இலைகளையும் மூன்று நான்கு ஐஸ் கட்டிகளையும் போட்டு விட்டு விட்டுச் சுற்றுகிறேன். இலை மிக்ஸியில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வழித்து எடுத்த பிறகு அரை எலுமிச்சம்பழச் சாறு. வேர்க்கடலையின் கொழுப்பு மணத்தைப் பிடித்துக்கொள்ளும், சட்னி நீர் பிரியாமலும் நிற்கும்.

விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்றால் இலையை வெந்நீரில் காட்டி எடுக்கிறேன். நன்றாகக் கொதிக்கும் உப்பு நீரில் 15 வினாடி, அங்கிருந்து நேராக ஐஸ் தண்ணீருக்கு. பிழிந்து அரைத்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை வருகிறது, மறுநாளும் அந்த நிறம் பெரிதாக மங்குவதில்லை, ஏனென்றால் நொதி செயலிழந்துவிட்டது. ஆனால் மணத்தில் ஒரு பங்கு வெந்நீரோடு போய்விடும். அதனால் கால் பங்கு இலையைப் பச்சையாகவே எடுத்து வைத்து, அரைத்து முடிக்கும் தறுவாயில் சேர்க்கிறேன். நிறம் வெந்த இலையிலிருந்து, மணம் பச்சை இலையிலிருந்து. எனக்கு மிகவும் திருப்தி தந்த செய்முறை இதுதான். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும்.

எண்ணெயில் வதக்கி அரைப்பது தனி ருசி. அதில் பச்சைப் புதினாவின் துள்ளலை எதிர்பார்க்கக் கூடாது. இலை சுருண்டு ஈரம் வற்றும்போது ஒரு வறுவல் மணம் வரும், கசப்பும் அடங்கும். தடித்துப்போன முற்றிய இலைகள் நிறைய இருந்தால் அவற்றுக்கு இதுதான் நல்ல வழி. வதக்கியது கருமையாகத்தான் வரும், அதில் பச்சையைத் தேட வேண்டியதில்லை.

தண்டைத் தூக்கி எறியாதீர்கள். விரலால் வளைத்தால் பட்டென்று ஒடியும் இளந்தண்டு சட்னிக்குப் போகலாம். வளைந்து நாராக நிற்பது மிக்ஸியில் சரியாக அரையாது, அதைக் கட்டாகக் கட்டி உருளைக்கிழங்கு வேகும் நீரில் போடுகிறேன்.

சூடான உணவில்

புதினா எண்ணெயை ஆலைகளில் எடுப்பது பெரும்பாலும் இலையில் நீராவி செலுத்தித்தான். எண்ணெய் நீராவியோடு சேர்ந்து இலையை விட்டு வெளியேறும், அதைக் குளிரவைத்துப் பிரிக்கிறார்கள். மூடாத பாத்திரத்தில் புதினா கொதிக்கும்போதும் இதே வேலைதான் நடக்கிறது, குளிரவைத்துப் பிடிக்க மட்டும் ஆளில்லை. அதனால் சூடான எதிலும் புதினாவை இரண்டு தடவையாகப் போடுகிறேன். அடித்தளச் சுவைக்குத் தண்டும் முற்றிய இலையும் ஆரம்பத்தில், மணத்துக்கு இளம் இலை அடுப்பை அணைத்த பிறகு.

வேகவைத்த சிறு உருளைக்கிழங்கில் இது அருமையாக அமைந்தது. தண்டுக் கட்டோடு வெந்த கிழங்கை வடித்து, ஆவி அடங்க இரண்டு நிமிடம் விட்டு, சூடு இருக்கும்போதே வெண்ணெய், உப்பு, மிளகு புரட்ட வேண்டும். கையால் தொட்டுத் தாங்கும் சூட்டுக்கு வந்ததும் நறுக்கிய புதினாவைத் தூவிக் கிளற வேண்டும். வெண்ணெய் இளகியே இருக்கும், இலை வதங்காது, எண்ணெய் வெண்ணெயில் இறங்கிவிடும். ஆறியபின் சாப்பிட்டாலும் நன்றாகவே இருக்கிறது. வெயில் கொளுத்தும் நாளில் காலையிலேயே அடுப்பு வேலையை முடித்து வைத்துவிட இது வசதி. வேகவைத்த கொண்டைக்கடலையோடு வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, எண்ணெய் சேர்த்துப் புதினாவைக் கையால் கிள்ளிப் போட்டும் இதே போல் செய்யலாம்.

தர்ப்பூசணிக்குப் புதினா, சிட்டிகை உப்பு, சில துளி எலுமிச்சை. பரிமாறும் அந்த நிமிடத்தில் சேருங்கள், முன்னதாகச் சேர்த்தால் உப்பு பழத்து நீரையெல்லாம் இறக்கிவிடும்.

மிஞ்சியதை வைத்துக்கொள்ள

பெரிய அறுவடைக்குப் பிறகு வந்த கொத்தைத் தண்டு நுனியைப் புதிதாக வெட்டி, ஒரு டம்ளர் நீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறேன். நீரை அவ்வப்போது மாற்றினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். இடம் இல்லாவிட்டால் லேசாக ஈரமான துணியில் சுருட்டி டப்பாவில் வைக்கலாம். நீர் சொட்டும் துணி வேண்டாம், இலை அழுகும்.

அதற்கும் மேல் மிஞ்சினால், வெந்நீரில் காட்டிய இலையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறேன். எண்ணெய் போர்வையாக இருந்து காற்றைத் தடுக்கும், மணமும் அதில் தங்கும். உறைந்ததும் பையில் மாற்றி, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து நேராகத் தயிரிலோ கிழங்கிலோ போடலாம். பானத்துக்கு மட்டும் எண்ணெய்க்குப் பதில் எலுமிச்சைச் சாறும் நீரும். உலர்த்துவதாக இருந்தால் வெயிலில் காயவைக்காமல், நிழலில், காற்றோட்டமாகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இலை நொறுங்கும் பதம் வந்ததும் முழு இலையாகவே புட்டியில் அடைத்து, பயன்படுத்தும்போது கசக்கிக்கொள்ளுங்கள். புது இலை மூன்று கரண்டி சொல்லும் இடத்தில் உலர்ந்தது ஒரு கரண்டி போதும்.

பறிக்கும்போதெல்லாம் இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் தூள் தூளாகப் புள்ளிகள் இருந்தால் அது துரு நோய், பக்சீனியா மெந்தே என்ற பூஞ்சை. மருந்தைத் தேடி ஓட வேண்டாம், சாப்பிடும் செடிக்கு அது தேவையும் இல்லை. தண்டுகளை மண்ணோடு ஒட்ட வெட்டி, உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி, உரக்குழியில் போடாமல் தனியாக அப்புறப்படுத்துங்கள். அடிவேர் நன்றாக இருந்தால் புதுத் தளிர் வந்துவிடும். அது வளரும் வரை சமையலுக்கு இலை வேண்டுமே என்றால், நோய் படாத நுனித் தண்டு நான்கை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நீரில் நிறுத்தி வையுங்கள். ஓரிரு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும், விரல் நீளம் ஆனதும் புது மண் போட்ட வேறு தொட்டியில் நட்டுவிடலாம்.